கதவுக்கு வைத்த இரும்பு

அந்தப் பட்டறையில் வேலை செய்பவர்கள் ஏழு பேர். அறிவிப்புப் பலகைகள் பதினொன்று.

பலகைகள் எல்லாம் இயக்குநரின் கைவண்ணம். கிரைண்டிங் ரூம் வாசலில் ‘நுண்துல்லிய மேற்பரப்பு மையம்’. மூன்று ஸ்டூலும் ஒரு கெட்டிலும் கிடக்கிற மூலைக்கு ‘மனிதவள ஊக்கப் பகுதி’. வயர்கட் மெஷின் நிற்கிற அறைக்கு ‘மேம்பட்ட மின்பொறி வெட்டுத் தொழில்நுட்பக் கூடம்’. அந்தப் பலகை நிலைப்படியைவிட அகலமாகப் போய்விட்டதால், ‘கூடம்’ மட்டும் பக்கத்துச் சுவரில் மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. இயக்குநர் என்கிற பட்டமும் அவரே விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டதுதான். மறுப்பதற்கு அங்கே யாரும் இல்லை. மற்ற ஆறு பேரில் ஒருத்தி அவர் மனைவி, ஒருவன் அவளுடைய தம்பி, மீதி நாலு பேருக்கு வேலை இருந்தது.

மனைவிதான் கிரைண்டிங். பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. இயக்குநரே அவசரத்தில் இரண்டு மூன்று தடவை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். தம்பி வயர்கட் பார்ப்பவன். தலைமுடி மூன்றைச் சேர்த்து வைத்த பருமனில் ஒரு பித்தளைக் கம்பி தண்ணீருக்குள் ஓடும். இரும்பைத் தொடாமலேயே பொறி விட்டு அதைத் தின்றுகொண்டு போகும். வேறு பட்டறைகளிலும் இங்கேயுமாக அந்தக் கம்பியோடு பதிமூன்று வருடம் குடித்தனம் நடத்தியதால் அவனுக்குப் பெயரே கம்பி என்று ஆகிவிட்டது.

கூடத்தின் கதவுக்கு ஒரு வியாதி. திறந்தால் நிற்காது, தானாகச் சாத்திக்கொள்ளும். அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு இரும்புக் கட்டி கிடந்தது. நாற்பது மில்லி தடிமன், சூடேற்றிக் கெட்டிப்படுத்திய இரும்பு, நடுவில் மேலே குறுகிக் கீழே விரியும் ஒரு துளை. ஆறு வருடத்துக்கு முன்னால் கம்பி வெட்டிக் கெடுத்தது. முப்பது டிகிரிச் சாய்வு. துளை பக்கத்துக்கு இருபத்து மூன்று பெரிதாகப் போய்விட்டது, அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டால் இருபத்து மூன்று. வெளியே இருந்து பார்த்தால் குருவி கொத்திய அளவுகூட இல்லை. ஆனால் வெட்டின இரும்பு திரும்ப ஒட்டாது.

பட்டறையைப் பார்க்க யார் வந்தாலும் இயக்குநர் அந்தக் கதவருகே நின்று, ஷூ நுனியால் கட்டியை லேசாகத் தொட்டு, “இது எங்க மாப்ள வெட்டின முதல் டேப்பர், அதாவது சாய்வு வெட்டு. தப்புலேர்ந்து கத்துக்கிற நிறுவனம் இது,” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். உள்ளே மெஷின் பக்கத்தில் கம்பி முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்கத் தேவையில்லாத ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அதற்குப் பிறகு அந்த மெஷினில் கம்பி ஒரு டிகிரிக்கு மேல் சாய்ந்ததில்லை. திங்கட்கிழமை காலை வரை.

“முப்பது டிகிரி ஒத்துக்கிட்டேன்,” என்றார் இயக்குநர். கையில் மெஷின் கம்பெனிக்காரனின் கேட்லாக். “ரப்பர் பட்டை பிதுக்குற அச்சு. வியாழக்கிழமை அவங்களே நேர்ல வந்து பாத்து எடுத்துக்கிட்டுப் போறாங்க.”

“நாற்பது மில்லி தடிமன்ல முப்பதா மாமா?”

“நாற்பத்தஞ்சு போகும்னு இதுலயே போட்டிருக்கான். நாம கேக்கறது அதுல மூணுல ரெண்டு பங்கு. இந்த மெஷினுக்கு அது வாக்கிங் போற மாதிரி.”

“அந்த நாற்பத்தஞ்சு பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கு பாருங்க.”

“அது டிசைன்.”

“டிசைன் இல்ல. பக்கத்துக்கு அடியில எறும்பு சைசுல எழுதியிருக்கான். இருபது மில்லி தடிமன் வரைக்கும்தானாம்.”

இயக்குநர் கேட்லாக்கைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தூரத்தில் கொண்டுபோனார், மூடினார். “நட்சத்திரத்தையே பாத்துக்கிட்டு நடந்தா குழியிலதான் விழணும் மாப்ள. முடியுமா முடியாதா, அதைச் சொல்லு.”

“முடியும். மெதுவா முடியும். ஆனா முதல்ல வேற இரும்புல வெட்டிப் பாக்கணும்.”

“அப்போ பாரு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இந்தக் கட்டி ஒண்ணே ஒண்ணுதான். அவங்க குடுத்தது. உங்க அக்கா பதினோரு நாள் அதுல உக்காந்திருக்கா. இதுவும் போச்சுன்னா மெஷினை வேற ஆள் பாக்கட்டும், நீ பேக்கிங் பக்கம் வந்துடு. கோவமா சொல்லல. நிர்வாகமா சொல்றேன்.”

நிர்வாகமாகச் சொன்னால் வலிக்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா கட்டியைத் துண்டில் சுற்றி, குளிப்பாட்டி எடுத்த குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மேஜைமேல் வைத்துத் துண்டைப் பிரித்தாள். ஆறு பக்கமும் கண்ணாடி. மேல்முகத்தில் மூன்று படிகள், ஒவ்வொன்றும் அவள் கல்லால் தேய்த்து இறக்கியது.

“பதினோரு நாள்டா. என் பிள்ளைங்களைக்கூட இப்படித் துடைச்சு விட்டதில்ல.”

“தெரியும்கா.”

“இன்னொண்ணும் சொல்லிடறேன். உன் ஏழு மைக்ரானை இதுல கொண்டு வந்து வச்சிடாத.”

அது அவர்கள் இருவருக்குள் மட்டும் இருந்த விவகாரம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. கம்பி ஒரு டிகிரிச் சாய்வில் எந்தத் துளையை வெட்டினாலும் பக்கத்துக்கு ஏழு மைக்ரான் பெரிதாக வரும். ஆறு வருடமாக அப்படித்தான். அந்தத் துளைக்குள் இறங்க வேண்டிய ‘பஞ்ச்’ என்கிற எஃகு முளையை அக்காதான் அரைப்பாள். அவள் ஒன்றும் சொல்லாமல் முளையையும் ஏழு மைக்ரான் கூட்டி அரைத்துவிடுவாள். பொருத்தம் சரியாக இருக்கும். இயக்குநருக்கு இது தெரியாது. தெரிந்தால் கதவருகே சொல்லும் பேச்சில் இன்னொரு வரி சேர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

“இந்தத் தடவை ஏழு இல்லக்கா. சாய்வு அதிகம். வந்தா பெருசா வரும்.”

“என்ன பண்ணப் போற?”

“வேற கட்டியில ட்ரையல் போடணும். இதே இரும்பு, இதே தடிமன் வேணும்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பி அந்தக் கட்டியைத் தூக்கி, ஆறு வருடத் தூசியைக் கழுவி, மெஷினில் கட்டினான். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. வெளியே இருந்து இயக்குநர், “கதவைத் திறந்தே வைக்கணும்னு சொல்லியிருக்கேன்ல! வெளிப்படைத்தன்மை!” என்றார். கம்பி ஒரு ஸ்டூலை இழுத்து முட்டுக்கொடுத்தான்.

செங்குத்தாக வெட்டுவது வேறு, சாய்த்து வெட்டுவது வேறு. கம்பியை மேலே ஒரு கைடும் கீழே ஒரு கைடும் பிடித்திருக்கும். மேல் கைடைப் பக்கவாட்டில் தள்ளினால் கம்பி சாயும். அரை டிகிரி, ஒரு டிகிரி வரை அது பணிவாக வளையும். முப்பது என்றால் விறைத்துக்கொள்ளும். அதனால் விறைப்புக் குறைந்த மெதுகம்பியை மாட்டினான், வாய் அகன்ற கைடுகளைப் போட்டான். தண்ணீர் நேராக அடிக்கும், கம்பியோ சாய்வாகப் போகும். வெட்டின தூள் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும், தங்கினால் கம்பி அறுந்துபோகும். அதனால் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தான். கட்டியின் விளிம்பிலிருந்து உள்ளே போகிற ஒரு வாய், மேலே சரியாகப் பத்து மில்லி அகலம், கீழே போகப் போக இரண்டு பக்கமும் முப்பது டிகிரி விரிய வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

இரண்டு தடவை கம்பி அறுந்தது. இரண்டு தடவையும் கோத்தான். மதியச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டான். மூன்று மணிவாக்கில் வெட்டு முடிந்து, கட்டியை எடுத்துத் துடைத்து அளந்தான்.

சாய்வு முப்பது. பிசகில்லை. மேல் அகலம் பத்து புள்ளி நாலு ஆறு.

திரும்ப அளந்தான். கருவியைத் துடைத்துவிட்டு அளந்தான். பத்து புள்ளி நாலு ஆறு. அதை இரண்டு பக்கத்துக்குப் பிரித்தால், பக்கத்துக்கு இருபத்து மூன்று.

கம்பி தன் கல்யாண நாளை இரண்டு வருடம் மறந்து அடி வாங்காத குறையாக இருந்திருக்கிறான். இந்த எண்ணை ஒருநாளும் மறந்ததில்லை. கதவைத் தடுத்துக்கொண்டிருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான். கதவு சாத்திக்கொண்டது. நல்லதாகப் போயிற்று.

முதலில் வந்தது பயம். அக்காவின் கட்டியை நேராகப் போட்டிருந்தால் இந்நேரம் இரண்டு கதவுக்கு முட்டு தயார். பயம் அடங்கினதும் வேறு ஒன்று வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இயக்குநர் ஒரு படிவம் நீட்டினார். ‘பிழை ஒப்புதல் படிவம்’. என்ன பிழை என்று எழுதக் கால் பக்கம், யார் பொறுப்பு என்று எழுத அரைப் பக்கம், காரணம் என்று எழுத அரை அங்குலம். அரை அங்குலத்தில் அடங்குகிற காரணம் உலகத்தில் ஒன்றுதான். கம்பி ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். புரோகிராமில் தப்பில்லை, கம்பி சரி, சாய்வு சரி. எதிலும் இல்லாத தப்பு தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவனே நம்பினான்.

ஆனால் கவனக்குறைவு ஒரே இடத்தில் நிற்காது. இன்றைக்கு ஒரு மாதிரி வரும், நாளைக்கு வேறு மாதிரி வரும். ஆறு வருடம் கழித்து, வேறு கம்பி, வேறு கைடு, புதிதாக எழுதிய புரோகிராம், எல்லாவற்றையும் தாண்டி வந்து அதே இருபத்து மூன்றில் உட்காருவது கவனக்குறைவு இல்லை. அதற்குப் பெயர் ஒழுங்கு. இந்த மெஷினில் ஏதோ ஒன்று தவறாமல் தவறிக்கொண்டிருக்கிறது.

அவன் தலை தூக்கி மெஷின் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான்.

லேமினேட் செய்த தாள். மெஷினை நிறுவ வந்தவர்கள் முதல் நாள் அளந்து கொடுத்த எண்கள். அடியில் சிவப்பு எழுத்தில், ‘இயக்குநர் அனுமதியின்றி மாற்றக் கூடாது’. அதற்கும் அடியில் கையெழுத்து, மூன்று எண்களை மறைத்துக்கொண்டு. மறைக்காத எண்களில் ஒன்று மேஜை உயரம், அதாவது கீழ்க் கைடிலிருந்து, வெட்ட வேண்டிய இரும்பைத் தாங்குகிற இரண்டு எஃகுப் பட்டைகளின் மேல்முகம் வரைக்கும். எல்லாவற்றையும் மூன்று தடவை அளக்கிற கம்பி, அந்தத் தாளை மட்டும் ஒருதடவையும் சந்தேகப்பட்டதில்லை. லேமினேட் பண்ணினதை யார் சந்தேகப்படுவார்கள்?

மடக்கு ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். மேலே நெருங்கி, கீழே அகலும் இரண்டு கால்கள். சாய்ந்த கம்பி வெட்டும் வாய் அப்படித்தான். நடுவில் ஒரு பலகையைக் கொண்டுபோய் வைத்தால், எந்த உயரத்தில் வைக்கிறோமோ அந்த உயரத்தின் அகலம் கிடைக்கும். மெஷின் நினைக்கிற இடத்தைவிடப் பலகை கொஞ்சம் இறங்கியிருந்தால் அகலம் கூடிவிடும். செங்குத்தாக வெட்டும்போது கால்கள் அகலவே அகலாது. பலகை எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

உயரத்தை அளந்தான். தாளில் போட்டிருப்பதைவிட நாலு புள்ளி குறைவு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் நாலு பங்கு. முப்பது டிகிரிக்குக் கணக்குப் போட்டான். பக்கத்துக்கு இருபத்து மூன்று. ஒரு டிகிரிக்குப் போட்டான். ஏழு மைக்ரான்.

கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தான்.

மெஷினோடு மூன்று பட்டைகள் வந்தன. இரண்டு மெஷினில், ஒன்று அலமாரியில், வந்த நாளின் எண்ணெய்க் காகிதம் சுற்றினபடியே. மெஷினில் இருந்த ஒன்றைக் கழற்றி, அலமாரியில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு, நுண்துல்லிய மேற்பரப்பு மையத்துக்குள் போனான். அந்தப் பலகையின் மேல் அக்காவின் ஈரக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“இதை ரெண்டையும் அளந்து சொல்லுக்கா.”

“ஏன், உன் கருவி தூங்குதா?”

“நீயே அளந்துடு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மைக்ரோமீட்டரை எடுத்தாள். எண்ணெய்க் காகிதத்துக்காரன் இருபது. மற்றது பத்தொன்பது புள்ளி ஆறு.

“இது எது?”

“அலமாரியில இருந்தது.”

“அது?”

“மெஷின்ல இருக்கறது. நீ மெருகு போட்டது.”

அவள் கிரைண்டிங் கல்லின் சுவிட்சை அணைத்தாள். ஞாபகம் வந்துவிட்டது. மெஷின் வந்த நாலாம் மாதம் முதல் தடவையாகப் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து பட்டறையைப் பார்க்க வந்தார்கள். முந்தின சனிக்கிழமை இயக்குநர் மெஷினைச் சுற்றி நடந்து, “மெஷின் புதுசு, இந்தப் பட்டை மட்டும் தண்ணிக் கறை படிஞ்சு, கழுவாத தட்டு மாதிரி இருக்கே. பளபளன்னு இருக்க வேணாமா?” என்றார். அவள்தான் இரண்டையும் கழற்றி அரைத்தாள். கறை ஆழமாக இறங்கியிருந்தது, நாலு புள்ளி போனது. திரும்ப மாட்டின கம்பி இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. அவள் அரைத்தது சமமாக இல்லாமல் எங்கே போகும்? மூன்றாவது பட்டை அலமாரியில் இருந்தது. வருகிறவர்கள் அலமாரியைத் திறக்க மாட்டார்கள், அதனால் அதற்கு மெருகு கிடைக்கவில்லை.

“அப்போ நானாடா?”

“நீ ஒண்ணும் தப்பா அரைக்கலக்கா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மைக்ரான் வித்தியாசம் இல்ல.”

“அதான்டா கொடுமை. கோணலா அரைச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.” அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அந்த ஏழு?”

“அதுவும் இதுதான்.”

“ஆறு வருஷமா உன் தப்பை மூடி மறைக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு என் தப்பை நானே மூடிக்கிட்டு இருந்திருக்கேன். அதுல எனக்கு ஒரு பெருமை வேற. தம்பியைக் காப்பாத்தறேனாம்.” சிரிக்கத்தான் தொடங்கினாள், பாதியில் அது வேறு எதுவாகவோ மாறி, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நீ ஏன்டா அன்னிக்கே எதுவும் கேக்கல?”

“கேட்டா சாக்கு சொல்றான்னு சொல்லுவாங்க. ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சு போயிடும்னு நெனச்சேன்.”

“முடிஞ்சுதா?”

“கதவுலதான கெடந்துச்சு.”

இயக்குநரிடம் இருவருமாகப் போனார்கள். அவர் வியாழக்கிழமைப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். பட்டைகளைப் பார்த்தார், மைக்ரோமீட்டரைப் பார்த்தார், மனைவி முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக மறுபடியும் பட்டைகளைப் பார்த்தார்.

“பட்டை பளபளன்னு இருந்ததைப் பாத்துதான் அன்னிக்கு அவங்க ஆர்டரே குடுத்தாங்க,” என்றார் கடைசியில்.

“அந்த ஆர்டர்தாங்க கதவுல கெடக்குது,” என்றாள் அக்கா.

அவர் பேனாவை மூடி, திறந்து, மூடினார். “அப்போ மெஷின்ல தப்பில்ல.”

“இல்ல.”

“கேட்லாக்லயும் தப்பில்ல.”

“எங்கேயும் தப்பில்லைங்க. உங்க லேமினேஷன்லதான். அந்த எண்ணை மாத்தணும். அனுமதி குடுங்க.”

“இருந்தாலும் அது மெஷின் கம்பெனிக்காரங்க அளந்து குடுத்தது. நாமளா மாத்திட்டா நாளைக்கு...”

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்கா கூடத்துக்குள் இருந்தாள். “எங்கடா அடிக்கணும்?” கம்பி திரையைக் காட்டினான். ஒரு விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி, ஆறு வருடத்துக்கு முன்னால் தான் அரைத்தெடுத்த நாலு புள்ளியைக் கழித்து, புது உயரத்தை அடித்தாள். பிறகு கோடு கிழிக்கிற ஊசியை எடுத்து, லேமினேட் செய்த தாளில் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு கிழித்தாள். கோடு கையெழுத்தின் வால் வரைக்கும் போய் நின்றது.

கம்பி அப்போதும் அக்காவின் கட்டியைத் தொடவில்லை. புதன்கிழமை விடிந்ததும் வந்து, கதவுக் கட்டியிலேயே பக்கத்தில் இன்னொரு வாய் வெட்டினான். பத்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம் இரண்டு. அதன் பிறகுதான் துண்டைப் பிரித்தான்.

அன்றைக்கு முழுக்க கிரைண்டிங் ரூமில் கல் சுற்றும் சத்தம் கேட்கவில்லை. அக்கா வேலை செய்யவில்லை, எட்டிப் பார்க்கவும் வரவில்லை. கையுறைகளைத் துவைத்தாள், காய்ந்தவற்றையும் துவைத்தாள். மூன்றாவது பக்கத்தில் கம்பி அறுந்தபோது மெஷினின் பீப் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. இயக்குநர் மனிதவள ஊக்கப் பகுதியில் நின்றபடியே, கெட்டிலில் தண்ணீர் ஊற்றாமல் சுவிட்சைப் போட்டார். கம்பி அறுந்த இடத்துக்குக் கோத்துக்கொண்டு போய், மின்சாரத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து விட்டான். நாலாவது பக்கத்தில் கடைசி இரண்டு மில்லியை வெட்டாமல் நிறுத்தி, உள்ளிருக்கிற இரும்புத் துண்டு கீழே கைடின் மேல் விழாதபடி காந்தம் வைத்துப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை வெட்டினான். துண்டு காந்தத்தோடு கைக்கு வந்தது. சாயங்காலம் நாலரை மணி.

அக்காவே வந்து அளந்தாள். மேலே, கீழே, நாலு பக்கமும். எங்கே பார்த்தாலும் இரண்டு மைக்ரானுக்குள்.

“ஏழு எங்கடா போச்சு?” என்றாள், ஊருக்குப் போனவரைப் பற்றிக் கேட்பது போல.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் இயக்குநரைப் போலவே கார்டு வைத்திருந்தார்கள். மூன்றாவது, நரைத்த தலையும் தேய்ந்த ஷூவுமாக ஒரு பெண்மணி, கார்டு கொடுக்கவில்லை, அளக்கிற கருவிகளைத் தன் பையிலேயே கொண்டு வந்திருந்தார். இயக்குநர் பதினொரு பலகைகளையும் வரிசையாக வாசித்துக் காட்டினார். கூடத்தின் வாசலுக்கு வந்ததும், ஆறு வருடப் பழக்கம், ஷூ நுனி தானாக நீண்டது. கட்டி அங்கேதான் இருந்தது, விளிம்பில் இரண்டு பல் விழுந்த மாதிரி இரண்டு புது வாய்களோடு.

“இது எங்க மாப்ள...” என்று தொடங்கினார். ஷூ நுனியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உள்ளே கம்பி பார்க்கத் தேவையில்லாத மீட்டரைப் பார்க்கத் தயாராகியிருந்தான்.

“அது நான் பண்ணது,” என்றாள் அக்கா, கிரைண்டிங் ரூம் வாசலில் நின்று, கையைத் துடைத்தபடி.

“நான் அளக்கல,” என்றான் கம்பி திரும்பி.

கார்டு வைத்திருந்த இரண்டு பேரும் சிரிக்கலாமா வேண்டாமா என்று இயக்குநர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணி குனிந்து, பழைய துளைக்குள் விரலை விட்டுச் சாய்வைத் தடவிப் பார்த்தார்.

“எவ்வளவு போச்சு?”

“பாயிண்ட் இருபத்து மூணு. பக்கத்துக்கு.”

“ஏன்?”

“பட்டையை அரைச்சேன். மெஷினுக்குச் சொல்லல.”

“ஏன் அரைச்சீங்க?”

அக்கா கணவனைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவர் பேச்சை எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “பளபளப்புக்கு,” என்றார்.

பெண்மணி நிமிர்ந்தார். “எங்ககிட்ட ரெண்டு கெடக்கு. ஒண்ணு ஜன்னலுக்கு. இன்னொண்ணு எங்க டைரக்டர் மேஜையில பேப்பர் பறக்காம இருக்க. ஏதோ விருதுன்னு சொல்லிக்கிட்டிருக்கார்.” பையிலிருந்து கருவியை எடுத்தார். “சரி, புதுசைக் காட்டுங்க.”

அளந்தார். கையெழுத்துப் போட்டார். சுற்றி வைத்திருந்த துணியோடு வேண்டும் என்று கேட்டு, அக்காவின் துண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் போன பிறகு இயக்குநர் கோப்பிலிருந்து அந்தப் பழைய படிவத்தை உருவி எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். மெஷின் பக்கத்தில் நின்றார்.

“மாப்ள, இதைக் கிழிச்சுப் போட்டுடவா?”

“வேணாம் மாமா. காரணத்தை மட்டும் மாத்துங்க.”

“இடம் இல்லையே.”

“அடிச்சுட்டு மேல எழுதுங்க.”

அவர் குனிந்து, ‘கவனக்குறைவு’ என்பதை அடித்துவிட்டு, அரை அங்குலத்தில் ‘பளபளப்பு’ என்று எழுதினார். எழுதினதும் பொறுப்பு என்கிற இடத்தைப் பார்த்தார். கம்பியின் ஆறு வருடத்துக்கு முந்தின கையெழுத்து, சின்னதாக, ஒரு ஓரத்தில்.

“இதையும் அடிச்சிடறேன்.”

“அது இருக்கட்டும். தாளை நம்பிக்கிட்டு அளக்காம விட்டது நான்தான்.”

அக்கா வந்து ஈரக் கையோடு பேனாவை வாங்கி, தம்பியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் போட்டாள். மை கொஞ்சம் ஊறிப் பரவியது. பேனாவைக் கணவனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். பிறகு போட்டார். வழக்கம்போலவே பெரிய கையெழுத்து. கட்டத்துக்குள் அடங்காமல், வால் தாளைத் தாண்டி மெஷின் மேஜைவரைக்கும் போயிற்று.